மரக்காளான்களை ஆராய்ந்த ரிக் அடிகளார்

நமது ஆலய விழாவை முன்னிட்டு மேற்கூரையைப் பழுதுபார்க்கத் தொடங்கியபோது, தென்புறத்து உத்திரம் ஒன்றைத் தட்டிப் பார்த்த ஆசாரி நம்மைக் கையசைத்து அழைத்தார். வெளியே வர்ணம் பூசி, பார்வைக்குப் பழுதில்லாமல் இருந்த அம்மரத்தில் அவர் உளியை வைத்ததும் அது அரையடி உள்ளே இறங்கிவிட்டது. உள்ளே மரம் சிறு சிறு கட்டங்களாக வெடித்துப் பழுப்பேறிக் கிடந்தது. விரலால் தேய்த்தால் மூக்குப்பொடி போல உதிர்ந்தது. உடனிருந்தவர்கள் கறையான் என்றார்கள். கறையான் அரித்திருந்தால் மண்புற்று இருந்திருக்கும், அது இல்லை. சுவரோடு உத்திரம் சேரும் இடத்தில், மழைநீர் நெடுநாளாக ஒழுகிய பக்கமாக, காதுமடல் அளவில் ஒரு காளான் ஒட்டிக்கொண்டிருந்தது. நாமறிந்த குடைக்காளான் போலன்றிப் பலகைத் துண்டு போலக் கெட்டியாக இருந்தது. அதன் அடிப்புறத்தைப் பார்த்தால் ஊசியால் குத்தியது போன்ற எண்ணற்ற துளைகள். உத்திரத்தைத் தின்றது அதுவே.

புது உத்திரத்திற்கான செலவு இம்மலரின் கணக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அந்தக் காளானைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது நம் நினைவுக்கு வந்தவர் ஒரு குரு. ஆஸ்திரியாவில் பிறந்து, பிரேசில் நாட்டின் தென்கோடியில் உழைத்து மறைந்த சேசு சபைத் துறவி யோகான்னஸ் ரிக் அடிகளார். காட்டில் விழுந்து கிடக்கும் மரங்களில் வளரும் இத்தகைய காளான்களைத் தேடி எடுத்து, உலர்த்தி, பெயரிட்டு, வகைப்படுத்தியதால் பிரேசில் நாட்டுக் காளானியலின் தந்தை என்று இன்றும் அறிஞர்கள் அவரைக் குறிப்பிடுகிறார்கள். குருமடத்தில் நாம் படித்த புனிதர் வரலாறுகளில் அவர் இல்லை. அவர் பீடத்தில் வைக்கப்பட்டவருமல்ல. ஆயினும் அவர் வாழ்க்கையை நம் பங்கு மக்கள் ஒருமுறை அறிந்துகொள்வது நல்லது என்று எண்ணினோம்.

ரிக் 1869ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள் ஆஸ்திரியாவின் மேற்கு மூலையான ஃபோரார்ல்பெர்க் மாநிலத்தில், டோர்ன்பிர்ன் என்னும் ஊரில் பிறந்தார். ஆல்ப்ஸ் மலைச் சரிவும் நெசவாலைகளும் சேர்ந்திருந்த ஊர் அது. சற்றுத் தெற்கே ஃபெல்ட்கிர்க் நகரில் 'விடியற்காலத்து நட்சத்திரம்' என்ற அன்னையின் இலத்தீன் பெயரைத் தாங்கிய சேசு சபைக் கல்லூரி ஒன்று 1856 முதல் நடந்து வந்தது. துப்பறியும் கதைகளால் உலகப் புகழ் பெற்ற கானன் டாயில்கூடச் சிறுவயதில் ஓராண்டு அங்கே பயின்றவர். ரிக் சேசு சபையில் சேர்ந்து, குருப்பட்டம் பெறுமுன்பே அந்தக் கல்லூரியில் இயற்கை நூல் ஆசிரியராக அமர்த்தப்பட்டார். மாணவரைக் காட்டுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் மலைப்பூக்களில் மனம் பறிகொடுப்பதே வழக்கம். இவரோ காளான்களிடம் போனார். 1890களின் கடைசியில் தம் சொந்த மாநிலத்துக் காளான்களைப் பற்றிய கட்டுரைகளை வெளியிடத் தொடங்கிவிட்டார்.

இங்கே இன்னொரு குருவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக இயலாது. ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே, அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்த திரென்ற்றோ நகரில், ஜாக்கொமோ பிரெசாதோலா அடிகளார் இருந்தார். 1847இல் பிறந்த அவர் மறைமாவட்டக் குரு. நம்மைப் போலவே மலைநாட்டுச் சிறு பங்குகளில் பூசை வைத்து, ஞானஸ்நானம் கொடுத்து, அடக்கச் சடங்கு நடத்தி வந்தவர். பின்னர் பேராலயச் சொத்துகளின் மேற்பார்வை அவர் பொறுப்பாயிற்று. இந்த வேலைகளுக்கு நடுவே அவர் அடையாளம் கண்டு பெயரிட்ட காளான் இனங்கள் ஆயிரத்துக்கும் மேல். வெப்பநாட்டுக் காடு ஒன்றைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை. கமரூனிலிருந்தும், பிலிப்பைன் தீவுகளிலிருந்தும், பிரேசிலிலிருந்தும் உலர்ந்த காளான் பொட்டலங்கள் தபாலில் அவருடைய அறைக்கு வந்துகொண்டே இருந்தன. அவர் அவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, பெயரெழுதி, வண்ணத்தில் படம் வரைந்து, பதில் அனுப்பினார். முதுமையில் வறுமை வாட்டியபோது, வாழ்நாளெல்லாம் சேர்த்த அந்தச் சேகரிப்பையே விற்க நேர்ந்தது. அதன் பெரும்பகுதி இன்று ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதுவைப் பல்கலைக்கழகம் 1927இல், அவர் எண்பதாவது வயதில், கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. பசி வேளையில் வந்திருந்தால் அது இன்னும் பயன்பட்டிருக்கும் என்பது நம் எண்ணம்.

இளம் ரிக் தமக்குப் புரியாத காளான்களை அனுப்பி ஐயம் கேட்டது இந்தப் பிரெசாதோலாவிடந்தான். கடிதங்களாலேயே குருவும் சீடருமான உறவு அது.

ஜெர்மனியில் அக்காலத்தில் சேசு சபைக்குத் தடை இருந்தது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தால் வெளியேற்றப்பட்ட ஜெர்மானியச் சேசு சபையினர் எல்லை தாண்டி ஹாலந்து நாட்டில் வால்கன்பர்க் என்னுமிடத்தில் தங்கள் கல்லூரியை வைத்திருந்தார்கள். ரிக் அங்கே வேதசாஸ்திரம் பயின்றார். நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட அந்தச் சபையினருக்குப் பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே டோ சுல் ஒரு பெரிய பணித்தளமாக அமைந்திருந்தது. அங்கே சான் லெயோபோல்டோ என்னும் ஊரில் 1824 முதல் ஜெர்மானிய உழவர்கள் குடியேறி, காட்டை வெட்டி, கழனியாக்கி, பெருகியிருந்தார்கள். அவர்களுக்கு ஞான மேய்ப்பரும் ஆசிரியரும் தேவை. 1903ஆம் ஆண்டு, 34 வயதில், ரிக் அடிகளார் அங்கே ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார்.

அவர் போய் இறங்கிய இடத்தைச் சற்று மனக்கண்ணால் பார்க்க வேண்டும். அட்லாண்டிக் கடலோரக் காடுகள் என்று பிரேசிலில் சொல்லப்படும் மழைக்காட்டின் தென்முனை அது. வெப்பக் காட்டு மரங்களும், உயர்ந்து குடை விரித்த அரௌக்காரியா மரங்களும் அங்கே சந்திக்கின்றன. ஈரம் மிகுதி. அத்தகைய காட்டில் ஒரு பெருமரம் விழுந்தால் அது நாட்கணக்கில்கூடச் சும்மா கிடப்பதில்லை. சில வாரங்களில் அடிமரத்தில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். பிறகு சுண்ணாம்பு அடித்தது போல ஒரு படலம். பிறகு விசிறி, சிப்பி, குளம்பு, கிண்ணம் என்று பல வடிவங்கள். குங்குமம் போல் சிவந்த ஒரு காளானும் அங்கே உண்டு. வெப்பநாடுகள் எங்கும் வெயில் பட்ட கட்டைகளில் காணப்படும் அது நம் நாட்டிலும் வளர்வதே. கரித்துண்டில் செய்த விரல்கள் போல மண்ணிலிருந்தும் கட்டையிலிருந்தும் நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்புக் காளான்களும் உண்டு. அவற்றைக் கண்டு அஞ்சிய மக்கள் செத்தவன் விரல் என்று ஐரோப்பாவில் பெயர் வைத்தார்கள்.

இவை செய்யும் வேலையை அறிந்தால்தான் அடிகளாரின் உழைப்பின் பெறுமதி விளங்கும். மரத்துக்கு உறுதி தருவன இரண்டு பொருள்கள். ஒன்று செல்லுலோஸ், பஞ்சும் காகிதமும் அதனால் ஆனவை. மற்றது லிக்னின்; கட்டடத்தில் சிமெண்டு கலவை போல நின்று மரத்தை இறுக்கிப் பிடிப்பது. இந்த லிக்னினை முழுமையாகச் சிதைக்க வல்லவை உலகில் மிகச் சிலவே. அவற்றுள் முதலிடம் மரக்காளான்களுக்கு. சில காளான்கள் இரண்டையும் தின்று மரத்தை வெளுத்த நாராக்கிவிடும். வேறு சில செல்லுலோசை மட்டும் தின்றுவிட்டு லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். அப்போது மரம் பழுப்பாகிக் கட்டம் கட்டமாக வெடிக்கும். நம் ஆலய உத்திரத்திற்கு நேர்ந்தது இந்த இரண்டாம் வகை. நாம் கண்ணால் பார்க்கும் காளான் அந்த உயிரின் முழு உடலன்று. மாமரத்தில் மாங்காய் தொங்குவதுபோல, மரத்துக்குள்ளே நூல் நூலாகப் பரவிக் கிடக்கும் உடலின் வித்துப் பை மட்டுமே அது. ஆதலால் வெளியே தெரிவதைச் செதுக்கி எறிந்துவிட்டு வர்ணம் பூசினால் நோய் தீராது. இதை நம் பராமரிப்புக் குழுவினர் குறித்துக்கொள்ளவும்.

தென்னைக்கு வரும் தஞ்சாவூர் வாடல் நோயை நம்மில் பலர் அறிவோம். 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்தில் கண்டறியப்பட்ட அந்நோயில், அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடிந்து, கடைசியில் பளபளவென்ற பலகைக் காளான் முளைக்கும். அதுவும் இந்தக் குடும்பமே. உயிருள்ள மரத்தைக் கொல்வது எது, செத்த மரத்தை மட்டும் தின்பது எது என்று பிரித்தறிய வேண்டுமானால், முதலில் ஒவ்வொன்றுக்கும் பெயர் வேண்டும். பெயரில்லாத நோய்க்கு மருந்து தேட முடியாது.

பெயர் வைப்பது எளிதன்று. ஒரே காளான் நிமிர்ந்து நிற்கும் மரத்தில் விசிறி போல நீட்டி வளரும். அதே காளான் கிடக்கும் கட்டையின் அடிப்புறத்தில் வெறும் படலமாக ஒட்டிப் படரும். ஈரமாயிருக்கையில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். இளமையில் ஒரு தோற்றம், முதுமையில் இன்னொன்று. ஆகவே அடிகளார் செய்த வேலையின் முறை இது: கத்தியும் கூடையுமாகக் காட்டுக்குள் சென்று, மரத்தோடு ஒட்டிய பட்டையையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். நிறம், மணம், எந்தக் கட்டையில் கண்டது என்பதை அங்கேயே குறிக்க வேண்டும். பூஞ்சணம் பிடிப்பதற்குமுன் உலர்த்த வேண்டும். மழைக்காட்டில் இதுவே பெரும்பாடு. உலர்த்தி வைத்ததையும் வண்டு துளைத்துவிடும். பிறகு சவரக் கத்தியால் தாளினும் மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியின் அடியில் வைத்து, வித்துத்தூளின் நீள அகலத்தை அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஐந்து பங்கா, ஏழு பங்கா என்று பார்க்கும் அளவு அது. கடைசியாக, அதுவரை உலகில் வெளிவந்த விவரிப்புகளோடு ஒப்பிட வேண்டும். நூல்நிலையமோ ஐரோப்பாவில், காளானோ பிரேசிலில்.

இந்தக் குறையைத் தபால்தான் ஈடுசெய்தது. அடிகளார் 1904ஆம் ஆண்டு முதல் தென்னமெரிக்கக் காளான்களை எண்ணிட்டு, சீட்டு ஒட்டி, தொகுதி தொகுதியாக ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார். ஒரே காளானின் துண்டுகள் பல நாடுகளில் இருந்தால், ஓரிடத்தில் தீப்பிடித்தாலும் மற்றோரிடத்தில் பிழைத்திருக்கும் அல்லவா? திரென்ற்றோவில் பிரெசாதோலா, பிரான்சில் பட்டூயார், ஜெர்மனியில் ரேம், வியன்னாவில் ஹோனெல், அமெரிக்காவின் சின்சினாட்டியில் லாய்ட் என்று அக்காலத்துக் காளான் அறிஞர் பலரோடு அவருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. இவர்களில் லாய்ட் ஒரு விசித்திரமான மனிதர். மருந்து வாணிகக் குடும்பத்தவர். உயிரினப் பெயருக்குப் பின்னால் கண்டுபிடித்தவரின் பெயரையும் சேர்த்து எழுதும் வழக்கம் வெறும் தற்பெருமை என்று அவர் வாழ்நாளெல்லாம் கேலி செய்தார். அப்படிப்பட்ட ஒரு பொய் ஆசிரியரைக் கற்பனையில் படைத்து, அவர் தலையிலே பெயர்களைச் சுமத்தி விளையாடினார். குருக்களாகிய நமக்கும் கல்வெட்டில் பெயர் பொறிப்பதில் ஆசை உண்டு என்பதால் லாய்டின் கேலி நமக்குச் சற்று உறைக்கவே செய்கிறது.

ரிக் அடிகளாரின் பெயரும் இப்படிப் பல இடங்களில் பொறிக்கப்பட்டுவிட்டது, அவர் கேளாமலே. 1899இல் இத்தாலிய அறிஞர் கவாரா, எறும்பின் உடலில் ஒட்டி வாழும் நுண்ணிய பூஞ்சை ஒன்றுக்கு ரிக்கியா வாஸ்மன்னி என்று பெயரிட்டார். முற்பாதி ரிக் அடிகளாரைக் குறிக்கிறது. பிற்பாதி எறும்பு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற வாஸ்மன் அடிகளாரைக் குறிக்கிறது. இருவரும் சேசு சபையினர். ஓர் எறும்பின் காலில் இரு துறவிகள்! பட்டூயார் 1908இல் பிரேசிலிலிருந்து வந்த மரக்காளான் ஒன்றுக்கு அடிகளாரின் பெயரைச் சூட்டினார். இப்போது இனோனோட்டஸ் ரிக்கியை என்று பலரும் அழைக்கும் அக்காளான், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் ஐரோப்பிய நகரங்களின் தெருவோர மரங்களிலும் காணப்பட்டு, அங்கே அவற்றை உளுக்கச் செய்து வருகிறது.

சான் லெயோபோல்டோவில் அவர் தனியாகவும் இல்லை. ஃபெர்டினாந்து தைசன் என்ற இளம் சேசு சபைத் துறவி சில ஆண்டுகள் அங்கே ஆசிரியராக இருந்து, கறுப்பு விரல் காளான்களின் குடும்பத்தைத் தனியே ஆராய்ந்தார். ஐரோப்பா திரும்பிய பிறகு தென் பிரேசிலின் அந்தக் குடும்பத்தைப் பற்றி 1909இல் பெரியதோர் ஆய்வை வெளியிட்டார். போர்த்துக்கலிலிருந்து 1910ஆம் ஆண்டுப் புரட்சியால் துரத்தப்பட்ட கமில் தோரான் அடிகளார், பிரேசிலின் வடகிழக்கே பாகியா மாநிலத்தில் தங்கி, துளைக்காளான்களைச் சேகரித்தார். போர்த்துக்கல் சேசு சபையினர் 1902இல் தொடங்கிய 'புரோத்தேரியா' என்னும் இதழில் இவர்களுடைய ஆய்வுகள் பல வெளிவந்தன. குருத்துவமும் விஞ்ஞானமும் ஒன்றுக்கொன்று பகை என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு இந்தப் பெயர்ப் பட்டியலைக் காட்டலாம். காட்டினாலும் முழக்கம் ஓயாது, அது வேறு.

இவ்வளவு சிறப்பாகப் போய்க்கொண்டிருந்த வேலை 1915ஐ ஒட்டி நின்றது.

காரணம் மக்கள். ஜெர்மானியக் குடியேறிகளின் குடும்பங்களில் பிள்ளைகள் அதிகம், நிலம் குறைவு. தந்தையின் நிலத்தை எட்டாகப் பிரித்தால் யாருக்கும் சோறு இல்லை. தியோடர் அம்ஸ்டாட் என்ற சுவிஸ் நாட்டுச் சேசு சபைக் குரு, 1902ஆம் ஆண்டே நோவா பெத்ரோப்பொலிஸ் என்னுமிடத்தில் உழவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்; இலத்தீன் அமெரிக்காவிலேயே முதலாவது என்று அது சொல்லப்படுகிறது. 1912இல் கத்தோலிக்க மக்கள் சங்கம் ஒன்றும் எழுந்தது. பள்ளிக்கூடம், கடன், புதுநிலம் என்று அந்தச் சங்கம் எடுத்துக்கொண்ட பணிகளில் ரிக் அடிகளார் இறங்கினார். இறங்கியவர் ஏறக்குறைய 14 ஆண்டுகள் காளானியலுக்குத் திரும்பவில்லை. குடியேற்றங்கள்தோறும் அலைந்தார். 1926இல், உருகுவாய் ஆற்றங்கரையில், சாந்தா கத்தரீனா மாநிலத்தின் மேற்கு எல்லையில், போர்த்தோ நோவோ என்ற புதிய குடியேற்றத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். இன்று அந்த ஊர் இட்டாபிராங்கா என்று அழைக்கப்படுகிறது.

இந்தப் பகுதியை எழுதும்போது நம் பேனா இருமுறை நின்றது. போர்த்தோ நோவோ ஜெர்மன் மொழி பேசும் கத்தோலிக்கருக்கு மட்டும் என்று வகுக்கப்பட்ட ஊர். வேற்று மொழியினருக்கும் வேற்றுச் சபையினருக்கும் அங்கே நிலம் இல்லை. தங்கள் பிள்ளைகளின் விசுவாசத்தைக் காக்கும் வேலி என்று அவர்கள் எண்ணினார்கள். சாதிக்கொரு வரிசை, தெருவுக்கொரு கல்லறை என்ற வழக்கங்களோடு நம் நாட்டில் திருச்சபை பட்ட பாட்டை அறிந்த நமக்கு இத்தகைய வேலி உவப்பாயில்லை. அப்பகுதிக் காடுகளில் பழங்குடியினரும் பட்டா இல்லாத ஏழை உழவரும் முன்பே வாழ்ந்தார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. இன்னொன்று, அந்த ஊர் காட்டை வெட்டித்தான் எழுந்தது. விழுந்த மரத்தின் ஒவ்வொரு காளானையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த மனிதர், நிற்கும் மரங்களைச் சாய்க்கப் போகும் குடும்பங்களை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார். அதை அவர் தம் உள்ளத்தில் எவ்வாறு எடைபோட்டார் என்று தீர்ப்புக் கூற நாம் யார்? ஒரு பக்கம் பசித்த பிள்ளைகள். மறுபக்கம் அப்போது முடிவில்லாதது போலத் தோன்றிய காடு. அட்லாண்டிக் கடலோரக் காட்டில் சிறுபகுதியே மிஞ்சும் என்று 1926இல் எண்ணிப் பார்த்தவர் வெகு சிலர்.

1929இல் அவர் சான் லெயோபோல்டோவுக்குத் திரும்பினார். வயது அறுபது. அங்கிருந்த குருமடத்தில் ஆசிரியப் பணி. மீண்டும் நுண்ணோக்கியைத் துடைத்து வைத்தார்.

அவர் விட்டுச் சென்ற உலகம் அங்கே இல்லை. ஜெர்மனியில் ரேம் 1916இல் காலமானார். தைசன் 1919இல் ஆல்ப்ஸ் மலையில் தவறி விழுந்து இளமையிலேயே மாண்டார். ஹோனெல் 1920இல் மறைந்தார். பட்டூயாரும் லாய்டும் ஒரே ஆண்டில், 1926இல், போய்விட்டார்கள். திரென்ற்றோவின் பிரெசாதோலா அடிகளார் 1929 ஜூன் 9ஆம் நாள் கண்மூடினார். யாரிடம் பொட்டலம் அனுப்பி ஐயம் கேட்பாரோ, அவர்களில் பெரும்பாலோர் மண்ணுக்குள். பங்கு மாறிப் போய்ப் பல ஆண்டுகளுக்குப் பின் பழைய பங்குக்குத் திரும்பி வந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெயர் சொல்லி விசாரித்து, கல்லறைத் தோட்டத்தைக் கைகாட்டக் கேட்ட அனுபவம் குருக்களுக்கு உண்டு. நமக்கும் ஒருமுறை நேர்ந்தது. ஆகையால் அந்த 1929ஆம் ஆண்டை நாம் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

அடிகளார் தளரவில்லை. கட்டையோடு ஒட்டிப் படரும் படலக் காளான்களை, பார்வைக்கு அழகில்லாததால் பிறர் கண்டும் காணாமல் போவனவற்றை, தேர்ந்து எடுத்துக்கொண்டார். 1930களில் அவற்றைப் பற்றிய தொடர் ஆய்வுகள் புரோத்தேரியா இதழில் வந்தன. அவர் எழுதியது இலத்தீனில். நம் குருமட நாட்களில் இலத்தீன் பாடத்தில் பட்ட துன்பத்தை நினைத்து, இது ஏன் என்று கேட்கத் தோன்றும். 1935 முதல் 2011 முடியத் தாவரத்துக்கும் காளானுக்கும் புதுப்பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் இலத்தீனில் விவரித்தே ஆகவேண்டும் என்று உலகத் தாவரவியலாரின் சட்டமே இருந்தது. பலிபீடத்திலிருந்து இலத்தீன் விடைபெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் காளான்களிடத்தில் அது தங்கியிருந்தது.

முதுமையில் அவர் மேற்கொண்ட பெருவேலை, ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தின் குடைக்காளான், துளைக்காளான், படலக்காளான் யாவற்றையும் ஒரே நூலில் அடக்குவது. அச்சில் அதை அவர் காணவில்லை. 1946 மே 6ஆம் நாள், 77ஆம் வயதில், இறைவனடி சேர்ந்தார். மறைந்தபோது மேசையில் கையெழுத்துப் படியும், அலமாரிகளில் காளான் பொட்டலங்களும் மிஞ்சின.

அவற்றைக் காத்தவர் அதே சபையைச் சேர்ந்த பல்துயினோ ராம்போ அடிகளார். பிரேசிலிலேயே பிறந்த தாவரவியலார். போர்த்தோ அலெக்ரே நகரத்தில் தாவரச் சேகரிப்பு ஒன்றைக் கட்டி எழுப்பியவர். அவர் ரிக் அடிகளாரின் படியை ஒழுங்குபடுத்தி, 'இகெரிங்கியா' என்ற இதழில் 1958 முதல் 1961 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். கடைசிப் பகுதி வெளிவந்த 1961ஆம் ஆண்டிலேயே ராம்போவும் இறந்தார். மறு ஆண்டு, சான் பவுலோவின் தாவரவியல் நிறுவனம் காளான், பாசி முதலியவற்றுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கியபோது அதற்கு 'ரிக்கியா' என்றே பெயரிட்டது.

அவருடைய வேலையில் குறை இல்லையா என்றால், உண்டு. அதையும் எழுதுவதே முறை. ஐரோப்பியக் காளான்களின் பெயர்களைப் பிரேசில் காளான்கள் பலவற்றுக்கு அவர் சூட்டிவிட்டார். அவை வேறு இனங்கள் என்று பின்னால் தெரியவந்தது. மென்மையான குடைக்காளான்களைக் காய்ந்த நிலையில் மட்டும் பார்த்து அவர் எழுதிய சில விவரிப்புகள் போதுமானவையல்ல. 1950களில் அவருடைய மூல மாதிரிகளை எடுத்து ஆராய்ந்த ரோல்ஃப் சிங்கர் என்ற பேரறிஞர் பல பெயர்களைத் திருத்த வேண்டியிருந்தது. மரக்காளானின் உள்நூல்களை, மெல்லியவை, தடித்தவை, கிளைத்துப் பின்னியவை என்று பிரித்துப் பார்க்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவில் இருந்த கார்னர் 1932இல் எழுதினார். அது எங்கும் வழக்கத்துக்கு வர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. அடிகளாரின் தலைமுறை துளையின் அளவையும் மேற்புறத்து நிறத்தையும் வித்தின் வடிவத்தையும் நம்பியே வகை பிரித்தது. 14 ஆண்டுகள் விடாமல் நுண்ணோக்கியின் முன் இருந்திருந்தால், பழைய நண்பர்கள் உயிரோடிருக்கையில் ஐயங்களைத் தீர்த்திருந்தால், பிழைகள் குறைந்திருக்கும் என்று சொல்ல இடமுண்டு. அந்த 14 ஆண்டுகளில் நிலம் பெற்ற குடும்பங்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள்.

பிழை திருத்த முடிந்ததற்குக் காரணம், அவர் வெறும் பெயரை எழுதிவிட்டுப் போகாமல் பொருளையும் வைத்துவிட்டுப் போனது. பொட்டலம் இருக்கிறது, அதன்மேல் அவருடைய சீட்டு இருக்கிறது. அவர் சேகரித்த காளான்களில் பெரும்பகுதி, ராம்போ அடிகளார் கட்டிய சேகரிப்போடு சேர்ந்து, இப்போது சான் லெயோபோல்டோவில் சேசு சபையினரின் பல்கலைக்கழகத்தில் காக்கப்பட்டு வருகிறது. அடிகளார் அறிந்திராத மரபணு ஆய்வு முறை வந்தபின், பிரேசில் நாட்டு இளம் ஆய்வாளர்கள் எஞ்சியுள்ள காடுகளில் மரக்காளான்களைப் புதிதாகச் சேகரித்து, ஒரே பெயருக்குள் ஒளிந்திருந்த பல இனங்களைப் பிரித்தெடுத்து வருகிறார்கள். ரியோ கிராண்டே டோ சுலில் ஒருவர் ஒரு காளானைப் புதிது என்று அறிவிக்குமுன், அந்த அலமாரியைத் திறந்து, நூறாண்டுக்கு முன் ரிக் அடிகளார் மடித்து வைத்த காகிதப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தாக வேண்டியிருக்கிறது.